கிரேக்கின் ஆட்டுக்கள்ளன்

இன்று ஓர் ஆட்டுக்கள்ளனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவர் செத்து நூறு வருடத்துக்கு மேல்.

அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கில் நான் வேலை செய்யும் கிடங்கில், தேநீர் இடைவேளையில் வெள்ளைக்காரக் கூட்டாளி கிரேக் போனை நீட்டினான். விக்டோரியா மகாராணி காலத்து முப்பாட்டனை இணையத்தில் கண்டுபிடித்துவிட்டானாம்.

"ஆடு திருடி, இங்கிலாந்திலிருந்து இங்கே நாடு கடத்தப்பட்டவர்!" என்றான். பிள்ளை டொக்டரான மாதிரி முகத்தில் பெருமை.

வந்த கப்பல், உயரம், கண்ணின் நிறம், கன்னத்துத் தழும்பு, எல்லாம் பதிவில் இருந்தன.

கூட வேலை செய்யும் ரவி அண்ணை என் பக்கம் சாய்ந்தார். "படகால இறங்கேக்க உனக்கும் இதெல்லாம் எழுதினவங்கள்தானே?"

"ஓம் அண்ணை. நம்பரும் தந்தவங்கள்."

அதுவரை தாங்கிக்கொண்டேன். கிரேக் அடுத்த பக்கத்தைக் காட்டினான். ஏழு வருடத் தண்டனை முடிந்ததும் முப்பாட்டனுக்குக் கொடுத்த விடுதலைப் பத்திரம். கையெழுத்தோடு. அதற்குப் பிறகு அவர் இங்கேயே காணி வாங்கிக் கல்யாணமும் கட்டினாராம்.

நான் அகதியாக வந்து பதின்மூன்று வருடம். ஒன்றையும் திருடவில்லை. இன்னும் தற்காலிக விசாதான்.

டண்டினொங் பக்கம் காவல் குறைந்த ஆட்டுப்பட்டி ஏதாவது இருந்தால் கொமென்டில் சொல்லுங்கள்.