மணி அடித்ததும் எகிறியவர்கள்

முழங்கால் வலிக்காக ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு வாரந்தோறும் போய்வருகிறேன். பெருமாளுக்கு அடுத்தபடியாக நான் இப்போது அஞ்சி நடப்பது அங்குள்ள பெண்மணிக்குத்தான். படியேறுவதை அவர் துண்டு துண்டாகப் பிரித்துத் தருவார். "மொதல்ல குதிகால ஊணுங்க சார். அப்பறம் முட்டிய மடக்குங்க. அப்பறமா வெயிட்ட மேல கொண்டாங்க." துண்டுகள் ஒவ்வொன்றும் எனக்கு அழகாகவே வருகின்றன; படியேறுவதுதான் வரவில்லை. சென்ற வாரம் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ரப்பர் பந்தை என்மீது எறிந்தார். பிடித்துவிட்டேன். அவரைக் காட்டிலும் நானே அதிகம் வியந்தேன்.

அந்தப் பந்தின் வாசனை உள்ளங்கையில் நெடுநேரம் தங்கியிருந்தது. அதன் பின்னாலேயே இயந்திர எண்ணெயின் வாடையும் கேன்டீன் சாம்பாரின் மணமும் வந்து சேர்ந்தன. நினைவு இப்படித்தான், அழைத்தவரோடு அழையாதவரையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஒரகடத்தில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்த காலம். கார்க் கதவுகளுக்குப் பூட்டுச் செய்யும் ஆலை ஒன்றில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் எனக்கு வேலை. கேன்டீனுக்குப் பின்னால் ஒரு காலியிடம் இருந்தது. இரண்டாம் ஷிப்டைக் கொண்டுவரும் பேருந்துகள் முன்னதாகவே வந்துவிடும். முதல் ஷிப்டை ஏற்றிச் செல்லும் பேருந்துகளோ தாமதமாகத்தான் கிளம்பும். இடையில் கிடைத்த அரை மணி நேரத்தில், போகிறவர்களும் வருகிறவர்களும் கலந்து அங்கே வாலிபால் ஆடுவார்கள். நான் புள்ளிக் கணக்குச் சொல்லுவேன். ஆடத் தெரியாதவனுக்கு ஆட்டத்தில் கிடைக்கும் மிக உயர்ந்த பதவி அது.

அந்த இடத்துக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது. சரக்கு அடுக்க அங்கே இன்னொரு கொடவுன் கட்ட வேண்டும் என்றார் ஆலைத் தலைவர். எங்கள் அணித் தலைவர் மணவாளன் அவர் அறைக்குள் போய் மன்றாடினார். "சரிப்பா, சுத்துப்பட்டு கம்பெனிங்களுக்கு டோர்னமென்ட் வருதில்ல? ஃபைனல் வரைக்கும் வந்து காட்டுங்க. கொடவுன வேற பக்கம் கட்டிக்கிறேன். இல்லாட்டி நெட்ட அவுத்துடுங்க" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டார் தலைவர்.

மணவாளன் அசெம்பிளி லைனின் சூப்பர்வைசர். உலகத்தில் எந்த வேலையையும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. லைனில் ஒருவர் ஸ்பிரிங்கை வைப்பார், அடுத்தவர் திருகுவார், மணி அடித்தால் பூட்டு அடுத்த மேசைக்கு நகரும். அந்த முறையை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்தார். பந்தை ஓங்கி அடிக்கும் ஸ்மாஷுக்கு ஓட்டம் ஒரு ஸ்டேஷன், எகிறுவது ஒரு ஸ்டேஷன், கைவீச்சு ஒரு ஸ்டேஷன். கேன்டீனின் பித்தளை மணியை அவரே அடிப்பார். மணி அடிக்க அடிக்க ஆட்கள் இடம் மாறுவார்கள். பந்து மட்டும் ஓர் ஓரத்தில் சும்மா கிடக்கும். பார்க்க மிகவும் ஒழுங்காக இருந்தது. ஆலைத் தலைவரே ஜன்னலருகே நின்று பார்த்து மெச்சினார்.

ஒத்திகைக்காக வடக்குப்பட்டு இளைஞர்களோடு ஓர் ஆட்டம் வைத்தோம். எங்கள் ஸ்மாஷ்காரர், மண்ணூர் ஆரோக்கியதாஸ், வெல்டிங் பிரிவில் வேலை செய்பவர், நல்ல உயரம். பந்து இன்னும் வானத்தில் இருக்கும்போதே எகிறினார். அது இறங்குவதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

"இன்னா தாசு, பந்து வர்றதுக்குள்ள எங்க அவசரமா போய்க்கினு கீற?" என்றான் எதிரணிக்காரன் ஒருவன்.

"ஷிப்டு முடிஞ்சிடுச்சிடா அவுருக்கு!" என்றான் இன்னொருவன்.

ஆரோக்கியதாஸ் முகம் சிவந்து மணவாளனிடம் வந்தார். "அண்ணே, ஓடச் சொன்னா ஓடுறேன், எகிறச் சொன்னா எகிறுறேன். எப்ப எகிறணும்னு மணிதானே சொல்லிக்கினு இருந்துச்சு? இங்க யாரு மணி அடிப்பா?"

மணவாளன் அவரைத் தட்டிக்கொடுத்துக் களத்துக்கே திருப்பி அனுப்பினார். ஆட்டம் கைவிட்டுப் போனது.

ஆரோக்கியதாஸின் கேள்விக்குப் பதில் வேறோர் இடத்தில் கிடைத்தது. மணவாளனும் நானும் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் ஆழ்வார் பாசுரங்களைச் சேவிக்கும், அதாவது கூடி ஓதும், கோஷ்டியில் இருந்தோம். எங்களுக்குச் சந்தை என்னும் முறையில் பாடம் நடந்திருந்தது: ஆசிரியர் ஒரு முறை சொல்ல, நாங்கள் இரு முறை திருப்பிச் சொல்ல, அரையடி ஓரடியாகி, ஓரடி முழுப் பாசுரமாகும். இங்கேயும் துண்டுதான், ஆனால் ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டின் கையைப் பிடித்துக்கொண்டே வளரும். அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க் கோஷ்டி ஒன்று எங்கள் எதிர்வரிசையில் வந்து அமர்ந்தது. ஓரடியை அவர்கள் சொல்ல, அடுத்த அடியை நாங்கள் எடுக்க வேண்டும். அவர்களோ ஊஞ்சலாட்டுவதுபோல் இழுத்து இழுத்துச் சேவித்தார்கள். எல்லாப் பாசுரமும் தலைகீழாகத் தெரிந்த மணவாளன், அவர்கள் முடிக்கும் முன்பே கணீரென்று எடுத்துவிட்டுத் தன்னந்தனியே நடுவில் நின்றார். பெருமாளே புன்னகைத்திருப்பார்.

பிரசாதப் புளியோதரையைக் கையில் வாங்கிய மணவாளன், திடீரென்று என் தோளைத் தட்டினார். "ஓய், நானும் தாசு மாதிரிதான் எகிறிட்டேன்! சர்வீஸ் போடறது தனியா உக்காந்து சேவிக்கிற மாதிரி. பந்தும் நம்முது, நேரமும் நம்முது. அத்த ஒரே மாதிரி திருப்பித் திருப்பிப் பழகலாம். ஆனா ஸ்மாஷும், எதிராளி பந்த எடுக்கறதும் கோஷ்டி. அவன் எப்டி விடறானோ அப்டித்தான் நாம எடுக்கணும். அத்தப் போயி துண்டு போட்டனே!"

மறுநாளே பித்தளை மணி கேன்டீனுக்குத் திரும்பியது. சர்வீஸ் போடுபவர்கள் ஒரு மூலையில் நின்று, ஒரே கோட்டிலிருந்து, ஒரே விதமாகப் போட்டுப் பழகினார்கள். ஸ்மாஷோ ஓட்டத்திலிருந்து அடி வரைக்கும் முழுதாகவே பழகப்பட்டது. பந்தை ஒருநாள் நன்றாகத் தூக்கித் தருபவர் தூக்கினார், மறுநாள் மோசமாகத் தூக்குபவர் தூக்கினார். மிக மோசமாகத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் களத்தில் இறக்கினார்கள். என் பந்து எந்தப் பக்கம் போகும் என்பது எனக்கே தெரியாது.

"அண்ணே, நீங்க தூக்கறத அடிச்சா உலகத்துல எத்தயும் அடிச்சிடலாம்" என்றார் ஆரோக்கியதாஸ். வாழ்க்கையில் நான் பெற்ற விளையாட்டுப் பாராட்டு அது ஒன்றுதான்.

அரையிறுதி ஆட்டம் வல்லம் வடகாலில், வேறோர் ஆலையின் மைதானத்தில் நடந்தது. கடைசிப் புள்ளி. எங்கள் ஆள் தூக்கிய பந்து கோணலாகப் பின்னால் போனது. ஆரோக்கியதாஸ் இரண்டடி வைத்திருப்பார். சரியாக அந்த நொடியில் அந்த ஆலையின் சங்கு ஊதியது. எனக்கு உயிரே போயிற்று. மனத்துக்குள் திருநாமத்தைப் பற்றிக்கொண்டேன். அவர் எகிறவில்லை. நின்றார், பின்வாங்கினார், பந்தையே பார்த்தார், அது இறங்கி வர வர எழுந்தார். அடித்த சத்தம் சங்கையும் மீறிக் கேட்டது.

இறுதியாட்டத்தில் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அதைப் பற்றி யாருக்குக் கவலை? இடம் பிழைத்தது. ஆலைத் தலைவர் சொன்ன சொல்லைக் காத்து, கொடவுனை வாசல் பக்கம் கட்டினார்.

ஓய்வு பெற்ற பின்பு, போன மாதம் ஒரு வேலையாக ஆலைக்குப் போயிருந்தேன். கேன்டீனுக்குப் பின்னால் இடம் அப்படியே இருக்கிறது. நல்ல இரும்புக் கம்பங்களும் புது வலையும் போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். ஆடத்தான் ஆளில்லை. இப்போது பேருந்துகளின் நேரத்தைக் கச்சிதமாகச் சீர்செய்துவிட்டார்களாம். வருகிற பேருந்து வாசலில் நுழையும்போதே போகிற பேருந்து புறப்படுகிறது. ஒரு ஷிப்டுக்காரரும் மறு ஷிப்டுக்காரரும் ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும், அவை இரண்டும் வளைவில் சற்று வேகம் குறைகின்றன.