புரொண்பிக்குப் போட்டுப்போன நீலக் கோட்டு

கடந்த மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, டென்மார்க்கில் நான் இருக்கும் சில்க்போர்க்கிலிருந்து கொப்பன்ஹேகன் பக்கத்துப் புரொண்பிக்குப் போனேன். துவாரகாவின் பெற்றோர் என்னைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நாங்கள் பழகுவது மூன்று வருடமாக. அது அவர்களுக்குத் தெரிந்து மூன்று வாரம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. அவர்கள் வேண்டாம் என்றால் அவள் மீறி வரமாட்டாள். அதை அவளே நேராகச் சொல்லியிருந்தாள்.

போகிற வழியிலேயே பாவித்த பிராண்ட் உடுப்பும் தேடலாம் என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. நான் ஐந்து வருடமாகப் புது உடுப்பு வாங்கவில்லை. கஞ்சத்தனம் இல்லை. காற்றாலைப் பாகங்களைத் தரப் பரிசோதனை செய்வது என் வேலை. புதுக் கடைகளில் தொங்கும் கோட்டுகளின் தையலைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இங்கே கென்புரூ என்று சொல்லும், தொண்டு அமைப்புகள் நடத்தும் பழைய உடுப்புக் கடைகளில், கையால் தைத்த கோட்டு அதைவிட மலிவாகக் கிடைக்கும்.

சாம்பல் கம்பளிக் காற்சட்டை (80 குரோனர்), வெள்ளைச் சேட் (60), மண்ணிறச் சப்பாத்து (150) மூன்றும் சில்க்போர்க்கிலேயே கிடைத்துவிட்டன. அவற்றைப் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டேன். கோட்டு மட்டும் இல்லை. பஸ்ஸில் இருக்கும்போது துவாரகாவின் குரல் பதிவு வந்தது: “அம்மாட்டை பாவிச்ச உடுப்பு எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது.”

வழியில் முதல் ஊர் வைலே, சுமார் 60 கிலோமீட்டர். கடை பத்து மணிக்குத் திறந்தது. முதல் கோட்டில் பெரிய பெயர் இருந்தது. மார்புத் துணியோ பசை விட்டுக் குமிழியிட்டிருந்தது. பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். இரண்டாவது கோட்டுக்குத் தோள் இரண்டு சென்ரிமீட்டர் கூட. கை நீளத்தை எந்தத் தையல்காரரும் குறைப்பார். தோளை மாற்றக் கேட்டால் கோட்டின் விலையைவிடக் கூடச் சொல்வார். விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

ஓடென்ஸவில் இறங்கும்போது 11.50. அடுத்த ரயில் 12.45. என்னுடையது மலிவு ரிக்கெற். அந்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். கடைக்கு நடை பத்து நிமிடம். கடைசிக் கம்பியில் அது தொங்கியது: கடும் நீலம், இத்தாலியத் தயாரிப்பு, கொம்புப் பொத்தான். பொத்தானைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கொம்பு குளிரும், பிளாஸ்ரிக் குளிராது. தோள் என் அளவு. 350 குரோனர்.

காசு வாங்கிய வயதான தொண்டர் அம்மா கோட்டை ஆற அமர மடிக்கத் தொடங்கினார். “கலியாணமா?” என்று டெனிஷில் கேட்டார்.

“ரயில்” என்று சொல்லிக் கோட்டைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினேன். அவர் பின்னால் கூப்பிட்டார். கதவில் ஏதோ பீப் என்றது. கார்டில் காசு போய்விட்டது, பிறகென்ன?

பிறகென்ன என்று ரயிலில் தெரிந்தது. கோட்டின் இடது கையின் உட்பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்ரிக் கட்டை: திருட்டைப் பிடிக்கப் பூட்டுகிற சாதனம். சரியான காந்தம் இருந்தால் இரண்டு விநாடி வேலை. என்னிடம் இருந்தது வீட்டுச் சாவி. நெம்பினேன், துணி இழுபட்டது, விட்டுவிட்டேன். பரிசோதகர் வந்து ரிக்கெற்றைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரிக்கெற் சரி” என்றார்.

கொப்பன்ஹேகனிலிருந்து உள்ளூர் ரயிலில் இருபது நிமிடம். 2.55க்குக் கதவைத் தட்டினேன். துவாரகாவின் அப்பா திறந்தார்.

“வாரும் தம்பி, வாரும். கோட்டைத் தாரும், கொழுவி விடுறன்.”

கட்டை சுவரில் முட்டி டக் என்றது. அவர் கோட்டின் கையைத் திருப்பிப் பார்த்தார். “இதென்ன ஐசே, காசு குடுக்காமல் ஓடியந்தனீரோ?”

“குடுத்தனான் அங்கிள்.”

“ரிசீற்?”

ரிசீற்றை வாங்க நான் நிற்கவில்லை. தொலைபேசியில் வங்கிக் கணக்கைக் காட்டலாம். ஆனால் அதில் கடையின் பெயர் இருக்கிறது, பெயரிலேயே கென்புரூ இருக்கிறது. உள்ளே நின்ற துவாரகா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். கள்ளனாக அந்த வீட்டுக்குள் போக எனக்கு விருப்பமில்லை. காட்டினேன்.

அன்ரி, துவாரகாவின் அம்மா, அகப்பையோடு குசினியால் வந்தார். “கென்புரூவோ? தம்பி, நான் வேலை செய்யிறது முதியோர் இல்லத்திலை. அங்கை ஆள் செத்தால் உடுப்பெல்லாம் பையிலை கட்டி உந்தக் கடையளுக்குத்தான் போறது. கட்டுறதே நான்தான்.” என்னை மேலிருந்து கீழே பார்த்தார். “மற்றதெல்லாம்?”

“காற்சட்டை, சேட், சப்பாத்து எல்லாம் அப்பிடித்தான் அன்ரி. சொக்ஸ் புதுசு.”

அங்கிளுக்குச் சிரிப்பு வெடித்தது.

“இஞ்சாருங்கோ, சிரியாதேங்கோ! செத்த வீட்டாலை வந்து குளிக்காமல் ஆரும் சாப்பிட இருக்கிறவையோ? தம்பி, போய்க் குளியும். உடுப்பைக் கதவடியிலை வையும், மெஷினிலை போடுறன். கட்டையோடை கோட்டைப் போடேலாது, அது உதிலை தொங்கட்டும்.”

தண்ணீருக்கடியில் நிற்கும்போது மெஷின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“அன்ரி! காற்சட்டை கம்பளி! முப்பது பாகைக்கு மேலை போடாதேங்கோ!”

“அறுபதிலை போட்டால்தான் போகும்!”

கதவடியில் அங்கிளின் சாரமும் ரீசேட்டும் மடித்து வைத்திருந்தன. பல தடவை தோய்த்துக் கட்டம் மங்கிய சாரம். கட்டிக்கொண்டு மேசைக்கு வந்தேன். அங்கிள் சாப்பிடத் தொடங்கியிருந்தார். அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம்.

“அன்ரி, இதுவும் ஒராள் உடுத்ததுதானே?”

துவாரகா கண்ணை மூடிக்கொண்டாள். அங்கிளின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

அன்ரி என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டார். “ஓம். அது வீட்டு ஆளின்ரை. இரும், கறி ஆறுது.”

இனி, போகிறவர்களுக்கு: சிறிய கடைகள் சனிக்கிழமை மத்தியானத்தோடு பூட்டிவிடும், காலையிலேயே போங்கள். அளவு நாடா கொண்டுபோங்கள். கடைக்காரர் கூப்பிட்டால் நில்லுங்கள். அடுத்த சனி நான் ஓடென்ஸவுக்குத் திரும்பப் போனேன். அந்த அம்மா கட்டையைக் கழற்றிவிட்டு, “கூப்பிட்டேனே” என்றார். கம்பளியை அறுபதில் தோய்த்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: கால் நீளத்தில் ஒன்பது சென்ரிமீட்டர் குறையும். அளந்தேன்.

புரொண்பிக்குப் போன அன்று இரவு இத்தாலியக் கோட்டும் அங்கிளின் ஜீன்ஸுமாகத்தான் வீடு வந்தேன். நான் இதுவரை சேர்த்துப் போட்டவற்றில் அதுதான் நல்லாயிருந்ததாம், துவாரகா சொல்கிறாள். இடுப்பு இரண்டு அங்குலம் பெரிது. ஜீன்ஸைத் தபாலில் அனுப்பவா என்று அன்ரியிடம் கேட்டேன்.

“என்னத்துக்கு? வரேக்கை அதைப் போட்டுக்கொண்டு வாரும். குளிக்கத் தேவையில்லை.”