மோரி அண்ணையும் இருபத்துநாலு தோள்களும்

செவ்வாய்க்கிழமை காலை சிவபாலன் தொலைபேசியில் அழைத்து, "மோரி அண்ணை மோசம் போயிட்டார்" என்று சாவுச்செய்தி சொன்னார். ஒரு யப்பானியரை அண்ணை என்று அழைக்க எங்களில் எவரும் கூச்சப்பட்டதில்லை. ஸ்காபரோவில் அந்தப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலைசெய்த தமிழர்கள் அனைவருக்கும் அவர்தான் மேற்பார்வையாளர். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், யப்பானிய வம்சம் என்பதால், பிறந்த நாடான கனடாவே அவரைச் சிறுவயதில் குடும்பத்தோடு முகாமில் அடைத்தது. அதைப்பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "வெளியே விட்டபோது அயலயலாகக் குடியிருக்க வேண்டாம் என்றார்கள். அதனால்தான் எங்கள் திருவிழாவுக்கு ஆள் காணாது."

அந்தத் திருவிழாவில் மிகோஷி என்ற சிறு கோயிலை நீண்ட மரக்கொம்புகளில் தோளேற்றி வீதியுலா கொண்டுபோவார்கள். அதற்கு இருபத்துநாலு பேர் வேண்டும். அவரோடு சேர்த்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். மூன்று கோடைகளாக மிகோஷி நிலத்தைவிட்டு எழும்பவில்லை. இந்த முறையும் எழும்பாவிட்டால் காட்சிப்பொருளாக நூதனசாலைக்குக் கொடுத்துவிடுவதென்று அவர்களுடைய மன்றம் தீர்மானித்திருந்தது. தேநீர் இடைவேளையில் அவர் இதைச் சொல்லி முடிக்கமுன் ஒன்பது பேர் ஓம், வருகிறோம் என்றோம். தமிழரைச் சாமி தூக்கக் கூப்பிட்டால் எந்தச் சாமி என்று கேட்கமாட்டார்கள். எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள்.

பக்கம் பெரிய விடயம். சாமி வாகனத்தின் முன்கொம்பு யாருக்கு என்ற பிணக்கில் எங்கள் கோயில் அந்த ஆண்டுதான் இரண்டு கோயில்களாகப் பெருகியிருந்தது. ஒன்பது பேரில் நால்வர் ஒன்று, நால்வர் மற்றது. எதிலும் சேராததால் இருபகுதியாரும் சந்தேகித்தது என்னை. ஐந்தடி நாலங்குல உயரமுள்ள மோரி அண்ணை வாகனத் தரிப்பிடத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, அளவுநாடாவால் ஒவ்வொருவரின் தோள் உயரத்தையும் அளந்து இடம் பிரித்தார். ஒரு கோயில்காரரான சிவபாலனுக்குப் பக்கத்தில் மற்றக் கோயில்காரரான இராசரத்தினம் வந்தார்.

"உவரோடை ஒரு கொம்பிலை நான் தோள் குடுக்கேலாது," என்று சிவபாலன் என்னிடம் சொன்னார்.

"ஆர் உவரை என்ரை உயரத்திலை பிறக்கச் சொன்னதெண்டு கேளும்," என்றார் இராசரத்தினம், அவரும் என்னிடமே.

மோரி அண்ணைக்கு விளக்கினேன். "யப்பானிலும் முன்கொம்புக்கு அடிபடுவார்கள்," என்றார் அவர். "இங்கே அடிபடக்கூட ஆள் காணாது. முதலில் ஆள் சேரட்டும்."

திருவிழாவன்று தூக்கினோம். யப்பானியர்கள் கூவிக்கூவி மிகோஷியைக் குலுக்கினார்கள். நாங்களோ பிள்ளையாரைக் கொண்டுபோவதுபோல அசையாமல் நடந்தோம். மிகோஷி ஒருபக்கம் சரிந்தது. அவசரமாக இறக்கினோம்.

"சாமியை ஆட்டக்கூடாது," என்றார் இராசரத்தினம்.

"வருடம் முழுக்கப் பெட்டிக்குள் இருந்தவர். இன்றைக்காவது குலுங்கட்டும்," என்றார் மோரி அண்ணை.

மாதக்கணக்கில் முகம் பார்க்காத இராசரத்தினத்தைச் சிவபாலன் திரும்பிப் பார்த்தார். "அண்ணை, ஊரிலை சூரன்போரிலை சூரனை ஆட்டினனீங்கள்தானே. அப்பிடி ஆட்டுங்கோ."

"அது சூரன் எல்லோ?"

"தோளுக்கு அது தெரியுமே?"

இரண்டாம் முறை கூரையிலிருந்த பித்தளை மணியொன்று கழன்று விழும்வரை ஆட்டினோம். மோரி அண்ணை அதைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "நல்ல திருவிழா," என்றார். நூதனசாலைக் கதை அன்றோடு முடிந்தது. எங்கள் கோயில்கள் இன்றும் இரண்டுதான். யூலையில் ஒரு ஞாயிறு மட்டும் எல்லோருக்கும் ஒரே கொம்பு.

அதன்பின் ஒவ்வொரு யூனிலும் அவர் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். உதவி வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "உங்கள் உயரத்துக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது," என்பார், அவ்வளவுதான். அப்படிச் சொன்ன பிறகு வரமுடியாது என்று சொல்வது மனிதனால் ஆகாத காரியம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வசனத்தைத்தான். இந்த வாரம் அதை வைத்துத்தான் யூலைத் திருவிழாவுக்கு எல்லோரையும் அழைத்துக்கொண்டிருக்கிறேன். இருபத்துமூன்று பேர் வருகிறார்கள். ஐந்தடி நாலங்குல உயரத்துக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது.