பூசணத்துக்கு மேல் ஒரு பிறந்தநாள் வாழ்த்து

பிள்ளைகளா, வீட்டுச் சுவரில் பூசணம் பூத்தால் என்ன செய்யணும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலைக்குப் பக்கம் வாடகை வீடு. குளியலறைக்கும் படுக்கிற அறைக்கும் நடுவே ஒரே சுவர். கார்த்திகை மழையில் அதில் ஓதம் ஏறியது. பொங்கலுக்குள் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். அதை ஒட்டித்தான் இரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் படுப்பாள். படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும்.

டாக்டரம்மா முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, சுவரைப் பற்றித்தான் விசாரித்தார். "பூசணத்தூள் காத்துல பறக்கும், கண்ணுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைக்கு மூச்சுக்குழாய் குறுகல், சீக்கிரம் வீங்கிரும். இன்ஹேலர் எழுதுதேன். ஆனா சுவரைச் சரி பண்ணாம இது மட்டும் போதாது."

வீட்டுக்கார அண்ணாச்சியிடம் சொன்னேன். கட்சியில் வட்டச் செயலாளர். சொன்ன உடனே வந்து பார்த்தார். "இதுக்கா தம்பி இம்புட்டு பயம்?" என்று போனவர், ஒரு ஃப்ளெக்ஸோடு திரும்பினார். அவர் பிறந்தநாளுக்குக் கட்சிப் பையன்கள் அடித்தது. தரையிலிருந்து கூரை வரை அண்ணாச்சி கைகூப்பி நிற்கிறார், பின்னால் ஒரு சிங்கம் பாய்கிறது. நாலு மூலையிலும் ஆணி அடித்தார்.

"இப்ப எங்க இருக்கு பூசணம்? காட்டு பாப்போம்."

காட்ட முடியவில்லை.

பூசணத்துக்கு இதைவிட வசதி வேண்டுமா? வெயில் கிடையாது, காற்று கிடையாது, மேலே தலைவர் பாதுகாப்பு. மகளுக்கு இழுப்பு கூடியது. கழற்றலாமென்றால், வீட்டுக்காரர் முகத்தைக் கழற்றிவிட்டு எந்த வீட்டில் குடியிருப்பது? தெருக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: கரித்தூசி, ஐஸ், வாழைப்பழம், கண்ணேறு. சிங்கத்துக்குப் பின்னால் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சன்னலை அடைக்கச் சொன்னார்கள். அதையும் அடைத்தோம்.

ஒருநாள் மகள் இருமலுக்கு நடுவே கேட்டாள்: "எப்பா, இந்தத் தாத்தா எதுக்கு என்னையப் பாத்துக் கும்பிடுதாரு? மன்னிப்புக் கேக்காரா?"

என் மனைவி அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இம்புட்டு லட்சணமான படம் நாங்க படுக்கிற ரூம்புல கெடக்கு. தெரு முக்குல கட்டினா ஊரே பாக்கும்லா?"

அண்ணாச்சிக்கு அது பிடித்துப்போனது. "நீ சொல்லுததும் சரிதாம்மா."

சாயங்காலமே பையன்களோடு வந்து கழற்றினார். சுவர் முழுக்கக் கறுப்பு, ஃப்ளெக்ஸின் முதுகெல்லாம் கறுப்பு. வாடை அறையை நிறைத்தது. ஒருவன் தும்மினான். இன்னொருவன், "அண்ணாச்சி, உங்க மூஞ்சிக்குப் பின்னாலயா இம்புட்டும்?" என்றான்.

"ஏலே, சும்மா கெட. கொத்தனாரைக் கூப்பிடு" என்றார் அண்ணாச்சி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு. ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டியபோது அசையாத சுவர், நாலு தொண்டர்கள் பார்த்ததும் இடிபட்டது.

பூச்சை உதிர்த்தால் உள்ளே குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றி, சன்னலைத் திறந்து, சுவர் காயும்வரை மகளை முன்னறையில் படுக்க வைத்தோம். இன்ஹேலர் இன்னும் உண்டு. டாக்டரம்மா சொல்லாமல் நிறுத்தக் கூடாது, நீங்களும் அப்படித்தான்.

போன வாரம் துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறினோம். அவள் ஒரே ஓட்டமாக மேலே போய் நின்று, பாதிப் படியில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னப்பா, வீசிங்கா?"

"இல்லளா, தொப்பை" என்றேன்.