சாரக்காரம்மா கேட்ட சீராய்வு

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவளைச் சாரக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்புக் குழாய்களையும் பலகைகளையும் லாரியில் கொண்டுபோய், கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டி வாடகைக்கு விடுவதும், வேலை முடிந்ததும் பிரித்தெடுத்து வருவதும் அவள் தொழில். தொடங்கி வைத்தவர் அவள் கணவர். அவருக்கு முதுகுத்தண்டு தேய்ந்து படியேற முடியாமல் போன பிறகு, வீட்டிலிருந்து கணக்கு மட்டும் பார்த்தவள் ஆட்களையும் சேர்த்துக் கட்டி மேய்க்க வேண்டியதாயிற்று. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கூலியை இழுத்தடிக்க மாட்டாள் என்று பெயரெடுத்திருந்தாள்.

எட்டு மாடி ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குச் சாரம் கேட்டு ஒரு பெரிய காண்ட்ராக்டர் வந்தார். இருந்த குழாய் போதாமல் கடன் வாங்கி மேலும் வாங்கினார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நாளைக்கு அவன் கையை விரித்தால் என்ன செய்வது என்று கணவர் இழுத்தார். அந்தப் பயம் தீரத்தான் காண்ட்ராக்டர் தன் வங்கியிடமிருந்து ஓர் உத்தரவாதப் பத்திரம் வாங்கித் தந்தார். அவர் வாடகை தராவிட்டால் வங்கி தந்துவிடும். பத்திரத்தின் கெடு முடியப் போகிற சமயம், வங்கிக் கிளை மேலாளர் அதை இன்னும் ஆறு மாதம் நீட்டித்துக் கடிதமும் கொடுத்தார்.

ஐந்தாவது மாடியோடு வேலை நின்றது. காண்ட்ராக்டர் கடனில் மூழ்கிப் போனை எடுக்காமல் ஆனார். ஆஸ்பத்திரி முதலாளி வாசலைப் பூட்டிக் காவல் போட்டார். குழாய்கள் உள்ளே மழையில் நனைந்துகொண்டிருந்தன. நீட்டித்த ஆறு மாதம் முடியும் முன்பே வங்கியிடம் போய்க் கேட்டும், பத்திரத்தின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரே பதில்.

வங்கி மேல் வழக்குப் போட ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். அவர் முதல் நாள் "கேஸோட சாரம் என்னம்மா?" என்று கேட்டார். அவள் குழாயின் நீளம், கனம், எத்தனை லாரி என்று ஒப்பிக்கத் தொடங்கினாள். அவர் சிரித்ததற்குக் காரணம் வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் கணவர் விளக்கி அவளுக்குப் புரிந்து, அவளும் சிரித்தாள். அந்த வழக்கில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வருடங்கள் ஓடின. சாட்சிக் கூண்டில் நெடுநேரம் நின்று அவள் கால் தள்ளாடியதைப் பார்த்து, நீதிபதியே ஒரு நாற்காலி போடச் சொன்னார். மெல்லப் பேசுகிற மனிதர். அவர்தான் கடைசியில் அவளுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார். உத்தரவாதம் நீட்டிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்பில் இருந்தது. மேலாளரின் கடிதமோ வழக்குக் கட்டிலேயே எண் போட்டுக் கிடந்தது.

வக்கீல் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "ரெண்டு வழி இருக்கும்மா. அந்த லெட்டரைப் பார்க்காம விட்டுட்டீங்கன்னு இதே கோர்ட்ல ரிவியூ கேக்கலாம். சீக்கிரம் முடியும், செலவும் கம்மி. ஆனா கண்ணுக்கு நேராத் தெரியற தப்பா இருந்தாத்தான் திருத்துவாங்க. இல்லேன்னா மேல்கோர்ட்ல அப்பீல். அங்க எல்லாத்தையும் முதல்ல இருந்து பேசலாம், வருஷக்கணக்கா ஆகும். மேல போயிட்டா இங்க வந்து ரிவியூ கேக்க முடியாது. இங்க நின்னா, அங்க உள்ள கெடு நமக்காகக் காத்திருக்காது."

அன்று கணவனும் மனைவியும் அதைத்தான் பேசினார்கள்.

"தான் எழுதினதைத் தப்புன்னு தானே சொல்லணும். யாருக்கு மனசு வரும்? மேல போயிடு," என்றார் அவர்.

"அவரு பார்க்காம விட்டிருப்பாருங்க. எடுத்துக் காட்டினா பார்ப்பாரு."

நாற்காலி போடச் சொன்ன மனிதர் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார் என்று அவள் நம்பினாள். அதோடு, இன்னொரு கோர்ட்டின் படியேறி எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அதே கோர்ட்டில் சீராய்வு மனு போட்டார்கள். மனுவில் கணவரும் கையெழுத்திட்டார்.

வாய்தா மேல் வாய்தா போயிற்று. ஒருநாள் போனால், அந்த நீதிபதி வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். அவர் இடத்தில் ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். வழக்குக் கட்டு முழுவதையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"இந்தக் கடிதத்தை முன்னாடி இருந்தவர் பார்க்காம விட்டாரா, பார்த்தும் ஏத்துக்கலையான்னு எனக்குத் தெரியாது. மேனேஜருக்கு அந்த அதிகாரம் இல்லேன்னு பேங்க் அப்பவே சொல்லியிருக்கு. அதை ஆராயறது அப்பீல் கோர்ட் வேலை. இங்க செய்ய முடியாது."

கோபப்படக்கூட அவளுக்கு ஆளில்லை. நம்பி வந்த மனிதர் இல்லை. வந்தவர் சொன்னதில் குறையும் இல்லை. அப்பீலுக்கான கெடு எப்போதோ தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இனி ஒரு தனி மனு போட வேண்டும். தாமதத்துக்கு என்ன காரணம் எழுதலாம் என்று வக்கீல் கேட்டார். நம்பின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன் என்று எழுதுங்கள் என்றாள். அவர் அதையே சட்டத் தமிழில் நான்கு பக்கத்துக்கு நீட்டி எழுதினார்.

கடன் கொடுத்தவர் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குரலை உயர்த்தாமலேயே பேசவேண்டியதையெல்லாம் பேசிவிட்டுப் போனார். அவர் போன பிறகு, "அன்னிக்கே மேல போயிருந்தா..." என்று தொடங்கிய கணவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "சொல்லி முடிச்சிடுங்க. எத்தனை நாளைக்குத் தொண்டையிலயே வச்சிருப்பீங்க?"

அவர் சுவரைப் பிடித்து மெல்ல நிமிர்ந்தார். "சொல்லி என்ன ஆகப்போகுது? நானும்தானே கையெழுத்துப் போட்டேன்."

அதற்குமேல் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, நடக்க முடிகிற நாட்களில் அவரும் கோர்ட்டுக்கு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

செலவுத்தொகை கட்டச் சொல்லி மேல்கோர்ட் தாமதத்தை மன்னித்தது. அப்பீல் விசாரணைக்கு வரவே அடுத்தடுத்து இரண்டு மழைக்காலம் போயிற்று. வந்த அன்று எல்லாம் ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. நீட்டித்துத் தர மேலாளருக்கு அதிகாரமே கிடையாது என்று வங்கியின் வக்கீல் வாதாடினார். இரு நீதிபதிகளில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேனேஜர் உங்க ஆளு. சீலும் உங்களோடது. இந்தம்மா வேற யாரைப் போய்க் கேட்டிருக்கணும்?"

வங்கிதான் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவள் எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை. பழைய நீதிபதி இதைக் கேள்விப்படுவாரா என்றுதான் முதலில் தோன்றியது. கேள்விப்பட்டால்தான் என்ன என்று அடுத்த நொடியே விட்டுவிட்டாள்.

வந்த பணத்தில் பெரும்பங்கு கடனுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரி முதலாளி ஒருவழியாக வாசலைத் திறந்துவிட்டபோது, பாதிக் குழாய் துருவேறி எடைக்குப் போடத்தான் ஆயிற்று. அவளிடம் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிழைக்கப் போயிருந்தார்கள்.

தேறிய குழாய்களை வீட்டுப் பின்புறம் அடுக்கி முடித்த அன்று, மறுபடியும் ஆரம்பிக்கலாமா என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு மாடிக்கு மேல வேண்டாங்க," என்றாள். பிறகு, "அதையும் அப்புறம் பார்க்கலாம்."

பட்டப்பகலிலேயே போய்ப் படுத்தாள். யாரோ அவள் போனுக்குக் கூப்பிட்டார்கள். கணவர் அதை எடுத்து, அம்மா தூங்குறாங்க, நாளைக்குப் பேசுங்க என்று சொல்லி வைத்தார்.