பொண்டாட்டி கையில் ஸ்டியரிங்

உத்தமன் ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி ஜீப்பை எண்பத்தாறாம் வருஷம் வரை வேறு யாரும் தொட்டதில்லை. ஆவடிக்கு மேற்கே இருந்த செங்கல் சூளைகளுக்கு டீசலும் அரிசி மூட்டையும் கொண்டுபோவான். மழை பெய்தால் லாரி திணறும் பாதையில் அவன் ஜீப் மட்டும்தான் போகும். அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

அந்த வருஷம் அவனுக்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். பிழைப்பு நின்றுவிடக் கூடாதே என்று, வற்றிக் கிடந்த ஏரிக்குள் மனைவி வசந்தகுமாரிக்கு அவனே ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

கட்டுப் பிரித்தபோது நிலைமை மாறியிருந்தது. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் சின்ன லீவரை, சேற்றில் மாட்டிய பிறகுதான் உத்தமன் போடுவான். அதற்குள் வண்டி பாதி புதைந்திருக்கும். அவளோ சேற்றுக்கு முன்னாலேயே நிறுத்தி, இறங்கி நடந்து பார்ப்பாள். லீவரைப் போட்டுவிட்டு ஒரே சீராக ஊர்ந்து கடப்பாள்.

ஒருநாள் சூளை மேஸ்திரி சின்னப்பையன் வீட்டுக்கே வந்தான். "அண்ணாத்தே, மழ வர்ற மாதிரி கீது. அக்காவ அனுப்பு."

"ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"அதுக்கில்ல... அக்கா வந்தா மூட்ட நனையாம வருது."

உத்தமனுக்குச் சோறு இறங்கவில்லை. என் வண்டி, நான் சொல்லிக்கொடுத்த வித்தை, பேர் மட்டும் அவளுக்கா?

மறுநாள் அவனே ஓட்டினான். அவளும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சூளை ஆட்கள் பார்க்கட்டுமென்று, ஏரிக்கரையில் நேராக ஏறாமல் குறுக்கே சாய்வாக வேகமாக ஏற்றினான். ஈர மண் வழுக்கியது. ஜீப் ஒருபக்கமாகச் சாய, பின்னால் டீசல் பீப்பாய் உருண்டு மோதியது.

"பிரேக்க மிதிக்காத மாமா! எறக்கத்து பக்கமே ஒடி!"

மேட்டுப்பக்கம் திருப்பத் துடித்த கையை அடக்கி, அவள் சொன்னபடியே ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டியின் முகம் கீழே திரும்பியது. மேலே தூக்கியிருந்த சக்கரங்கள் மறுபடி மண்ணைத் தொட்டன. கியரின் பிடியில் மெல்ல இறங்கி நின்றது.

"அடி கிடி பட்டுச்சா?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. இறங்கி வழிவிட்டான். அவள் நேராக ஏற்றிக் கரையைத் தாண்டினாள்.

"அக்கா கைதான் கை!" என்றான் சூளை ஆட்களோடு கரையில் நின்று பார்த்த சின்னப்பையன்.

"கத்துக்குடுத்தவன் நான்டா," என்றான் உத்தமன்.

அதன்பிறகு மழைக்காலங்களில் அவள்தான் ஓட்டினாள். யாராவது அவளைப் புகழ்ந்தால் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைப்பான். அந்த எரிச்சல் கடைசிவரை அடங்கவில்லை. ஆனால் பாதையில் தண்ணீர் நின்றால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கி ஆழம் பார்ப்பவன் அவன்தான்.