ஒரே பெயரில் இரண்டு கார்கள்

2021இல், இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைத்தவர். ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த அவருடைய சிறிய செடான், கியர் வேலை செய்யாமல் மதிலோரம் நின்றது. அதற்கான பாகம் கொழும்பில் எங்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் அயர்ன் பண்ணிய சேட்டுடன் வந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, உள்ளே ஏறி அமர்வார். சாவியைத் திருப்பியதும் கார் ஜப்பானிய மொழியில் வணக்கம் சொல்லும். "ஓம், ஓம்" என்பார்.

கனடாவிலிருந்த மகன் அந்தப் பாகத்தை வாங்கிப் பார்சலில் அனுப்பினான். ஒரு நாள் அதை என்னிடம் காட்டினார்.

"காரின்ர பேர் ஒண்டு, வருஷம் ஒண்டு. ஆனா பொருந்தேல்லை தம்பி. ஜப்பான்காரன் தன்ர ஊருக்குச் சின்னனாச் செய்தவன், கனடாவுக்குப் பெரிசாச் செய்தவன். பேரை மட்டும் மாத்தேல்லை."

"மகனிட்டச் சொன்னீங்களே?"

"கார் ஓடுது எண்டு சொல்லிப்போட்டன். ரெண்டு வேலை செய்து வாங்கி அனுப்பின பிள்ளை."

பாகத்தைப் பழையபடி கடதாசியில் சுற்றினார்.

"வாற மாசம் குடும்பமா வாறானாம். எயார்போட்டுக்கு அந்தக் காரிலயே வரட்டாம்."

அடுத்த வாரம் நான் கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறினேன். புறப்படும்போதும் அவர் காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மகன் வெளியே வந்து காரைத் தேடியபோது அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.